இல்லை என்று சொல்லாத பக்கம்

வனிதாவுக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம். பஸ்ஸில் ஊருக்கே கேட்கிற மாதிரி போன் பேசுகிறவன், பந்தியில் இலையைத் தொடாமல் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவள், 'ஆக்சுவலா' என்று ஆரம்பித்து நமக்குத் தெரிந்ததையே நமக்குச் சொல்லி முடிக்கிறவன் என்று ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டாள். வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டாள். உதடு ஒரு ஓரமாக லேசாக இழுத்துக்கொள்ளும். எதிராளியை எடைபோட்டு மூலையில் வைத்தாகிவிட்டது என்று அர்த்தம். முப்பது வயதுக்குள் அவள் அப்படி மூலையில் வைத்தவர்களை நிறுத்தினால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு கொள்ளாது.

அவளை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வாய்த்த இடம் அப்படி. கீழராஜ வீதியில் ஒரு பெயிண்ட் கடையின் மாடியில் அவளுக்கு வேலை. பெயர்ப் பலகையில் 'குளோபல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே ஆறு நாற்காலி, அதில் ஒன்று ஆடும். முதலாளி அரவிந்த்குமார் பெங்களூரில் நாலு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவன். அங்கே என்ன வேலை பார்த்தான் என்பது அவனுக்கே வெளிச்சம். ஆனால் வரும்போது ஒரு மூட்டை வார்த்தை கட்டிக்கொண்டு வந்திருந்தான். வாரத்துக்கு ஒன்றாக எடுத்து உதறுவான். ஒரு திங்கட்கிழமை உதறிய வார்த்தை 'ஐசோலேஷன்'.

"இனிமே எல்லா காம்போனென்ட்டும் ஐசோலேஷன்லதான் பண்றோம். தனியா டெஸ்ட் பண்ணிட்டு அதுக்கப்பறந்தான் பேஜ்ல வைக்கிறோம். பெங்களூர்ல எல்லாரும் அப்படித்தான்" என்றான்.

"அப்படின்னா எப்படிங்க சார்?" என்று வனிதா கேட்டாள். தனக்குத் தெரிந்துகொள்வதற்காக அல்ல, அவனுக்குத் தெரியுமா என்று பார்ப்பதற்காக.

"அது வந்து... தனியா. லிங்க் அனுப்புறேன், படிச்சுக்கங்க."

அனுப்பிய லிங்க் திறக்கவே இல்லை. அதைப் போய்ச் சொன்னபோது, "நெட் ஸ்லோவா இருக்கும்" என்றான். கேப்பையில் நெய் வடிகிறது என்று சொல்கிறவனிடம் போய் எந்தக் கேப்பை என்று கேட்பானேன் என்று வனிதா தானே தேடிப் படிக்க ஆரம்பித்தாள். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் மகளிர் விடுதியில் இருந்தாள். காலையில் ஆபீசுக்குப் போகுமுன் இரண்டு மணி நேரம் லேப்டாப்பும் காதில் இயர்போனுமாகக் கிடந்தாள்.

விஷயம் ஒன்றும் பெரிய மந்திரம் இல்லை. ஒரு பக்கத்தை மொத்தமாக ஒரே உருண்டையாகப் பிடிக்காமல் பட்டன், தேதிக் கட்டம், பெயர் எழுதும் பெட்டி, படம் போட்ட அட்டை என்று உறுப்பு உறுப்பாகச் செய்ய வேண்டும். செய்த ஒவ்வொன்றையும் வெறும் வெள்ளைத் திரையில் தனியே நிறுத்த வேண்டும். பிறகு அதற்குப் பொய்த் தகவலைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். தகவல் வந்தால் எப்படித் தெரியும், வர நேரமானால் எப்படி, நெட் அறுந்தால் எப்படி, பேர் நீளமாக இருந்தால் எப்படி, ஒன்றுமே இல்லாவிட்டால் எப்படி என்று நிலைக்கு ஒரு பெட்டியாக அடுக்கினால் துணிக்கடை கேட்லாக் மாதிரி ஒன்று தயாராகிவிடும். கூடவே, 'இதைக் கொடுத்தால் அது தெரிய வேண்டும்' என்று டெஸ்ட் எழுதிவைத்துவிட்டால், சொன்னபடி நடந்தால் பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு.

இது வனிதாவுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாக வெளியே இழுத்து நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வது அவளுக்குக் கைவந்த கலை. இத்தனை நாளும் மனுஷர்களைச் செய்துகொண்டிருந்தாள். பட்டன்கள் பரவாயில்லை, பதில் பேசாமல் நின்றன. ஒரு மாதத்தில் அந்த மாடியில் அதைச் செய்யத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அரவிந்த்குமார் மட்டும் வருகிற ஆட்களிடமெல்லாம், "நம்ம டீம்ல ஐசோலேஷன் கல்ச்சர் கொண்டாந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த மார்கழியில் அறக்கட்டளை வேலை வந்தது. திருமயம் பக்கத்து ஊரைச் சேர்ந்த வியாபாரக் குடும்பம். பிள்ளைகளெல்லாம் வெளியூரில். வீட்டுப் பெரியவர் லக்ஷ்மணன் சென்னையிலிருந்தபடியே தன் அப்பா பேரில் அறக்கட்டளை நடத்தினார். ஓர் அறுவடை மெஷினும் இரண்டு டிராக்டரும் வாங்கிச் சுற்று வட்டார விவசாயிகளுக்குக் குறைந்த வாடகைக்கு விட ஏற்பாடு செய்திருந்தார். நல்ல மனுஷர், கைக்காசைப் போட்டுச் செய்கிறார். விவசாயி தன் போனில் தேதியைத் தொட்டால் அன்றைக்கு மெஷின் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் வேலை.

வனிதா முதல் தடவையாக உதட்டை இழுக்காமல் உட்கார்ந்து கேட்ட வேலை இது. அவள் அப்பா பழனிச்சாமிக்கு வல்லத்திராக்கோட்டையில் கண்மாய்ப் பாசனத்தில் இரண்டரை ஏக்கர். போன வருஷம் கதிர் முற்றி நின்றபோது மெஷின் புரோக்கர் திருப்பதி, இன்றைக்கு வருகிறது நாளைக்கு வருகிறது என்று பதினோரு நாள் இழுத்தான். நெல் பாதி வயலிலேயே கொட்டிவிட்டது, மீதி பனியில் நனைந்தது. இல்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அப்பா அறந்தாங்கிப் பக்கம் வேறு மெஷின் பார்த்திருப்பார். இந்த வருஷமும் அதே வயல், அதே சம்பா. தை பாதியில் முற்றிவிடும். அடுத்த வருஷம் வரைக்கும் வீட்டில் உலை வைப்பது அந்த நெல்லை நம்பித்தான்.

அந்த வாரம் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னாள்: "இந்தத் தடவ திருப்பதி அண்ணன் பின்னாடி அலையாதீங்கப்பா. நான் ஒன்னு செய்றேன். தேதியத் தொட்டா மெஷின் இருந்தா இருக்குன்னு சொல்லும். இல்லைன்னா இல்லைன்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிரும். இழுத்தடிக்காது."

"மிசினு பொய் சொல்லாதுல்ல ஆத்தா?"

"சொல்லாதுப்பா."

பழனிச்சாமி பொய்க்கும் தனக்கும் சம்பந்தமில்லாமல் ஐம்பத்தெட்டு வருஷம் ஓட்டிவிட்ட ஆள். கூட்டுறவு பேங்கில் பயிர் நாசம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட்ட வருஷம், 'எனக்கு வெளஞ்சிருச்சுங்க' என்று சொல்லி ஊர் வாயில் விழுந்தவர். அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

வனிதா மும்முரமாக இறங்கினாள். மெஷின் அட்டையைத் தனியே செய்து நிறுத்தினாள். அரவிந்த்குமார் பொய்த் தகவலுக்கு ஊர்ப் பெயராக 'ஏபிசி' என்று கொடுத்துவைத்திருந்தான். அட்டை அழகாக இருந்தது. இவள் அதை அழித்துவிட்டு வல்லத்திராக்கோட்டை என்று அடித்தாள். பெயர் அட்டையை விட்டு வெளியே வழிந்து பக்கத்து அட்டையில் போய் விழுந்தது.

"ஊர் பேரக் கொஞ்சம் சுருக்க முடியாதா?" என்றான் அரவிந்த்குமார்.

"கலெக்டர்ட்ட மனுக் கொடுத்துப் பாக்கலாங்க சார்" என்றாள் வனிதா. உதடு அதன் வேலையைச் செய்தது.

அட்டையை அகலப்படுத்தினாள், பெயரை மடக்கி இரண்டு வரியாக்கினாள். மெஷின் உண்டு என்றால் பச்சை அட்டை, கீழே பதிவு பட்டன். இல்லை என்றால் சிவப்பு எழுத்தில்: 'இந்தத் தேதியில் மெஷின் இல்லை. வேறு இடத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.' அடுத்து எப்போது கிடைக்கும் என்றும் ஒரு வரி. பதினான்கு டெஸ்ட் எழுதினாள், பதினான்கும் பச்சை. தன் வேலையைத் தானே ஒருமுறை பார்த்துவிட்டு, பரவாயில்லை, இந்த மாடியில் ஒருத்திக்காவது வேலை தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் லக்ஷ்மணனும் அவர் மனைவி விசாலி ஆச்சியும் பார்வையிட வந்தார்கள். ஆடுகிற நாற்காலியை ஒளித்துவைத்துவிட்டு, அரவிந்த்குமார் பெரிய டிவியில் கேட்லாக்கைத் திறந்தான். அகர வரிசையில் அடுக்கியிருந்ததால் 'இல்லை' என்கிற பெட்டி 'உண்டு' என்கிற பெட்டிக்கு முன்னால் வந்து நின்றது.

லக்ஷ்மணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "என்ன தம்பி, வாசல்லயே இல்லைங்கிறீங்க? எங்கப்பா பேரு, அதுக்கு நேர் கீழ செவப்புல இல்லைன்னு."

"நாங்க எங்க வீட்ல அரிசி தீந்தாக்கூட தீந்துபோச்சுன்னு சொல்ல மாட்டோம் தம்பி" என்றார் ஆச்சி. "விளக்க அணைன்னு சொல்ல மாட்டோம், குளிர வைன்னுதான் சொல்லுவோம். தருமத்துக்குன்னு ஒன்ன வச்சுக்கிட்டு, கேட்டு வந்தவுக மொகத்துல இல்லைன்னா எழுதறது?"

அவர்கள் சொன்னது அவர்கள் வீட்டு வழக்கம். அதில் அவர்களுக்குச் சூது ஒன்றும் கிடையாது. அரிசிப் பானை காலி என்பதை வீட்டில் இருக்கிறவர்கள் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள், வாயால் சொல்ல வேண்டியதில்லை. இருபது மைலுக்கு அப்பால் வயல் வரப்பில் நிற்கிறவன் எட்டிப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வனிதா எழுந்தாள்.

"ஆச்சி, இல்லைங்கிறது தெரிஞ்சாத்தானே அவுங்க வேற மெஷின் பாத்துக்குவாங்க?"

"அதுக்காக அபசகுனமா எழுதணுமா தாயி? ஒரு நெறகொடத்தப் போட்டுருங்களேன். மாவெல, தேங்காயோட. பாக்கவும் லெட்சணமா இருக்கும். தெரிய வேண்டியவுகளுக்குத் தெரியும்."

"சூப்பர் ஐடியா மேடம்!" என்றான் அரவிந்த்குமார். மோரில் ஈ விழுந்திருந்தாலும் காசு கொடுக்கிறவர் காட்டினால் சூப்பர் ஐடியா என்கிற ஜாதி. "கல்ச்சுரலா கனெக்ட் ஆகும். கீழ பேரு, நம்பர் மட்டும் வாங்கி வச்சுக்குவோம். மெஷின் ஃப்ரீ ஆனா நாமளே கூப்புடலாம்."

அவர்கள் காரில் ஏறிப் போனதும் வனிதா மறுபடி ஆரம்பித்தாள். "சார், இல்லாத அன்னிக்கி நெறகொடத்தக் காட்டுனா இருக்குன்னுல்ல நெனைப்பாங்க?"

"யூசருக்குப் புரியும் வனிதா."

"எந்த யூசருக்கு? கீழ சின்னதா ஒரு வரியாவது..."

"கிளையன்ட் வேண்டாம்னா வேண்டாம். இன்னிக்கே முடிச்சுருங்க."

இங்கேதான் வனிதாவின் புத்தி வனிதாவைக் கைவிட்டது. சண்டை போட்டிருக்கலாம். போடாமலும் காரியத்தைச் சாதித்திருக்கலாம். அரவிந்த்குமார் அவள் எழுதிய புரோகிராம் எதையும் இதுவரை திறந்து பார்த்தவன் இல்லை, குடத்துக்குக் கீழே அந்த வரியைச் சின்னதாகச் சேர்த்திருந்தால் அடுத்த பொங்கல் வரை அவனுக்குத் தெரியப்போவதும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவளுக்குள் வந்தது கோபம்கூட இல்லை, அதைவிட மோசமான ஒன்று. 'குடம்தானே வேண்டும்? தருகிறேன். இதுங்களுக்கு இது போதும்' என்று உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவள் வரைந்த குடம் போல் கல்யாணப் பத்திரிகைக்காரன்கூட வரைந்ததில்லை. பொன் நிறக் குடம், ஐந்து மாவிலை, குடுமித் தேங்காய், கழுத்தில் நூல் சுற்று. தொட்டால் மேலிருந்து கீழாக ஒரு மினுமினுப்பு ஓடுகிற மாதிரி செய்தாள். கீழே பெயர், நம்பர். கொடுத்தால் 'பதிவாகிவிட்டது, நன்றி' என்று வரும். பழைய டெஸ்ட்டை அழித்துவிட்டு, 'மெஷின் இல்லாவிட்டால் குடம் தெரிய வேண்டும்' என்று புதிதாக எழுதினாள். பச்சை. 'காலிக்கு நிறைகுடம், அதற்கு ஒரு பச்சை டிக்' என்று தனக்குள் சிரித்தாள். அரவிந்த்குமார் அதை டிவியில் போட்டு இரண்டு தடவை மினுமினுக்க வைத்துப் பார்த்து, "ப்யூட்டிஃபுல்" என்றான். அவர்கள் அனுபவிக்கட்டும் என்று அவள் நினைத்தாள். எவர்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. இளக்காரத்தில் இது ஒரு கோளாறு. எதிரில் நிற்கிறவனை மட்டும்தான் காட்டும், அவனுக்குப் பின்னால் இருக்கிறவனைக் காட்டாது.

தை முதல் தேதி பக்கம் திறக்கப்பட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போன வனிதா அப்பாவிடம் குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் தன் வேலையில் அவர்கள் மண்ணைப் போட்ட கதையையும் சொல்ல வேண்டும். அதோடு, அப்பாவா போனில் தேதி தொடப்போகிறார்? நேரம் வந்தால் இவளே பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம். இவள் வாங்கிக் கொடுத்த போனில் அவர் ஜல்லிக்கட்டு வீடியோ தவிர வேறெதுவும் பார்த்து இவள் கண்டதில்லை. அவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று அவரையும் போகிற போக்கில் மூலையில் வைத்துவிட்டாள்.

தை மூன்றாம் வாரம், வியாழக்கிழமை. கேட்லாக்கைப் பார்க்க ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர் வந்திருந்தார். அரவிந்த்குமார் குடத்தை மினுமினுக்க வைத்துக்கொண்டிருந்தபோது வனிதாவின் போன் அடித்தது.

"ஆத்தா, அந்த மெஷின் பக்கத்தப் பாத்தேன். அதுல வந்து..."

"அப்பா, வேலையா இருக்கேன். ஞாயித்துக்கெழம வாரேன்ல, அப்பப் பேசிக்கிருவோம்."

"ஒரு நிமிசந்தான் ஆத்தா, சனிக்கெழமைக்கி..."

"அப்பறம்ப்பா!" வைத்துவிட்டாள். மறுபடி அடித்தபோது போனைக் கவிழ்த்து வைத்தாள். தாளாளர் எதிரில் அப்பாவோடு கண்மாய்க்கரைப் பேச்சுப் பேச அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

பழனிச்சாமி கேட்க நினைத்தது ஒன்றே ஒன்றுதான். கூட்டுறவு பேங்கில் ஒட்டியிருந்த அறக்கட்டளை நோட்டீஸைப் பார்த்துப் பக்கத்தைத் திறந்து சனிக்கிழமையைத் தொட்டார், பொன்னாகக் குடம் வந்தது. மகள் சொன்னபடி 'இல்லை' என்று எங்கும் போடவில்லை. பேரும் நம்பரும் கேட்டது, கொடுத்தார், பதிவாகிவிட்டது என்றது. காலையில் எத்தனை மணிக்கு வரும் என்பதுதான் சந்தேகம். குடத்தைப் பார்த்தபோது அவருக்கு மனசு நிறைந்துவிட்டது. வாசலில் நிறைகுடம் வைத்தால் வா என்று கூப்பிடுவதாகத்தானே அர்த்தம்? அவர் வீட்டிலும் அப்படித்தான், ஊரிலும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் திருப்பதி வரப்பில் வந்து நின்றான். பக்கத்து வயலில் அவன் கொண்டுவந்த மெஷின் வேலையை முடித்திருந்தது.

"அண்ணே, வண்டி இங்கிட்டேதான் நிக்கிது. ஒரு வார்த்த சொன்னா பொழுது சாயறதுக்குள்ள ஒங்களதையும் அடிச்சு விட்டுர்றேன். வானம் வேற ஒரு மாதிரியா இருக்குண்ணே."

"வேணாம் திருப்பதி. நாளைக்கி நம்ம வனிதா மெஷின் வருது. பதிஞ்சாச்சு. பதிஞ்சுபுட்டு ஒன்னையக் கூப்பிட்டா அது நல்லாருக்காது."

போன வருஷம் வாக்குத் தவறியவன் திருப்பதி. இந்த வருஷம் வாக்குத் தவறக் கூடாதே என்று பழனிச்சாமி. திருப்பதி தோளைக் குலுக்கிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். சனிக்கிழமை காலை ஆறு மணியிலிருந்து பழனிச்சாமி ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்றார். அறக்கட்டளையின் ஒரே மெஷின் அந்த வாரம் முழுக்கக் குளத்தூர்ப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது எப்படித் தெரியும்? மத்தியானம் வீட்டுக்காரி கொடுத்தனுப்பிய சோற்றை நின்றுகொண்டே தின்றார். பொழுது இறங்கும்போது தூறல் விழுந்தது. பிறகு விடியும்வரை கொட்டித் தீர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி பஸ்ஸில் வனிதா வந்து இறங்கினாள். வீட்டில் அப்பா இல்லை. பையைக்கூட இறக்காமல் வயலுக்கு நடந்தாள். இரண்டரை ஏக்கரும் படுத்துக் கிடந்தது. கதிர் தண்ணீருக்குள். அங்கங்கே தாள் மட்டும் வெளியே தெரிந்தது. வரப்பில் யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அப்பா குந்தியிருந்தார்.

"என்னப்பா இது? ஏன் அறுக்கல? திருப்பதி அண்ணன் வண்டி வெள்ளிக்கெழம பக்கத்து வயல்லதானே நின்னுச்சாம், அம்மா சொன்னுச்சு?"

"ஒன் மெஷினு சனிக்கெழம வருதுன்னுச்சே ஆத்தா." மடியிலிருந்து போனை எடுத்து, துண்டில் துடைத்து, தேதியைத் தொட்டுக் காட்டினார். அவருக்கு நன்றாகவே தொடத் தெரிந்திருந்தது. குடம் வந்தது. மேலிருந்து கீழாக மினுமினுத்தது.

வனிதாவுக்கு, சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அப்பா, குடம் வந்தா மெஷின் இல்லைன்னு அர்த்தம். மெஷின் குளத்தூர்ல நிக்கிது. ஒங்களுக்கு அது வரவே வராது."

பழனிச்சாமி போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "இல்லைன்னா இல்லைன்னு சொல்லும்னியே?"

"மொதல்ல அப்படித்தான் செஞ்சேன். அப்பறம் அவுங்க மாத்தச் சொன்னாங்க. மாத்திட்டேன்."

அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் ரோட்டிலிருந்து பைக் சத்தம் வந்தது. திருப்பதியும் இன்னும் இரண்டு பேரும். திருப்பதி வரப்பில் ஏறி நின்று வயலை ஒரு பார்வை பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் எகத்தாளத்தை அடக்க முடிகிற அளவுக்கு இல்லை.

"என்னண்ணே, மக மெஷின் வருது வருதுன்னீங்க? எங்கிட்டுண்ணே அது?" வனிதாவைப் பார்த்து, "என்னம்மா வனிதா, கம்ப்யூட்டர்ல அறுத்தாச்சா?" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

வனிதா வாயைத் திறந்தாள். அதற்கு முன் பழனிச்சாமி எழுந்துவிட்டார்.

"அட நீ ஒருத்தன். மெஷின் வந்துச்சுய்யா. கொளத்தூர்லேருந்து நேத்தே கெளம்பிருச்சு. பாதி வழியில மழ புடிச்சுக்கிச்சு. ஈரத்துல எறங்க வேணாம்னு நாந்தேன் போன் போட்டுத் திருப்பி அனுப்புனேன். புள்ள என்ன பண்ணும்?"

ஐம்பத்தெட்டு வருஷத்தில் அவர் சொன்ன முதல் பொய். நல்ல தழைந்த குரலில், தடுமாறாமல், ஊர்ப் பேரெல்லாம் போட்டுச் சொன்னார். சொன்னவர் பழனிச்சாமி என்பதால் மூன்று பேரும் அப்படியே நம்பினார்கள்.

"அப்பிடியா சங்கதி. மழைக்கி யாரு என்ன பண்றது" என்றான் திருப்பதி, குரல் இறங்கி. "தண்ணி வடிஞ்சதும் சொல்லுங்கண்ணே, சேத்துல எறங்குற பெல்ட்டு வண்டி கெடைக்கிதான்னு பாக்குறேன். கெடைச்சது மிச்சம்." போய்விட்டார்கள்.

வனிதா வாழ்க்கையில் எத்தனையோ பேரைக் கேவலமாகப் பார்த்திருக்கிறாள். அந்தப் பார்வை அவளுக்கு அத்துப்படி. எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கும் என்று தெரியும். அன்றைக்கு அது வரப்பில் நின்றிருந்த தன்மேலேயே திரும்பி நின்றது. பொய் பேசத் தெரியாத மனுஷனைப் பொய் பேச வைத்தவள். அரவிந்த்குமாருக்காவது குடம் என்றால் என்னவென்று யோசிக்கத் தெரியாது. தெரிந்தவள் இவள்தான்.

மோட்டார் ரூமுக்குள் போய் லேப்டாப்பை எடுத்துத் தரையில் வைத்தாள். போனிலிருந்து நெட் கொடுத்தாள். பழனிச்சாமி பின்னாலேயே வந்து, சாக்கை உதறிப் போட்டுவிட்டு, பக்கத்தில் குந்தினார். அவள் யாரையும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கினாள், பழைய வரியைச் சிவப்பில் போட்டாள்: 'இந்தத் தேதியில் மெஷின் இல்லை. வேறு இடத்தில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.' டெஸ்ட்டை ஓட்டினாள். அது குடத்தைத் தேடிக் காணாமல் சிவப்பானது. டெஸ்ட்டையும் திருத்தினாள். பச்சை. பக்கத்தை ஏற்றினாள்.

"போன எடுத்துப் பாருங்கப்பா" என்றாள்.

அவர் தேதியைத் தொட்டார். வரியை விரலால் ஓட்டி, எழுத்துக் கூட்டி, கடைசிவரை படித்தார். பிறகு மோட்டார் ரூம் வாசலுக்கு அந்தப் பக்கம் கிடந்த வயலைப் பார்த்தார்.

"இதுக்கு இம்புட்டு நேரந்தானா ஆத்தா ஆவும்?"

குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இம்புட்டு நேரந்தான்ப்பா" என்றாள் வனிதா.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தண்ணீரை வடியவிட வயலுக்குள் இறங்கிப் போனார்.